பலா ஹவுஸ் போட்ட முடிச்சு

ஏற்காட்டில் பெரிய பெரிய பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. எங்களுடையது அந்த வரிசையில் வராது. கொட்டச்சேடு போகும் பாதையில், தகரக் கூரை போட்ட ஏழெட்டு அறைகளும், ஒரு பக்கம் சரிந்த விளையாட்டு மைதானமும்தான் எங்கள் பள்ளிக்கூடம். மழை பலமாகப் பிடித்தால் டீச்சர் பேசுவது யாருக்கும் கேட்காது. அதனால் எங்களுக்கு மழை பிடிக்கும்.

எழுபதுகளின் நடுவில், நான் எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம், எங்கள் தலைமை ஆசிரியை பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் விளையாட்டு விழாவுக்கு விருந்தாளியாகப் போய்விட்டு வந்தார். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். மறுநாள் காலை பிரேயரில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. இனிமேல் நம் பள்ளியிலும் நாலு ஹவுஸ், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஹவுஸைச் சேர்ந்தவர், தனக்காக இல்லாமல் ஹவுஸுக்காக உழைக்க வேண்டும், அதில்தான் ஒற்றுமை வளரும் என்று அறிவித்தார்.

பெரிய பள்ளிக்கூடங்களில் ஹவுஸுக்குப் புனிதர்களின் பெயரையோ துரைமார்களின் பெயரையோ வைப்பார்கள். எங்கள் பெரிய டீச்சர் தன் அறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, கண்ணில் பட்டதையெல்லாம் பெயராக வைத்துவிட்டார். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பலா. வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணிக்கொண்டே போனார்கள். பத்தாம் வகுப்பில் படித்த என் அண்ணன் காப்பியில் விழுந்தான். அவன் தங்கச்சி நான் பலாவில் விழுந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் எங்களுக்குப் பலாக்கொட்டைகள் என்று பெயர் வந்துவிட்டது. வைத்தவன் என் அண்ணன்தான்.

ஹவுஸ் என்றால் என்னவென்று எல்லோருக்கும் உடனே விளங்கிவிடவில்லை. என் வகுப்பில் வாழவந்தி கிராமத்திலிருந்து ஒருத்தி படித்தாள். வகுப்பிலேயே உயரமானவள், நிறையப் பேசமாட்டாள். அவளும் பலாதான். பள்ளிக்கூடத்தில் தனக்கு ஹவுஸ் கொடுத்திருப்பதாக அவள் அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் வந்து இறங்கிவிட்டார். கையில் ஒரு பை கொய்யாப்பழம். தாமதமாக வந்ததற்காக நான் பெரிய டீச்சரின் அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்ததால் பேச்சு முழுவதும் எனக்குக் கேட்டது.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ளைக்கு ஏதோ ஊடு ஒதுக்கியிருக்கீங்களாமா. எந்தப் பக்கமுங்க? மண்ணு எப்பிடி இருக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பெரிய டீச்சர் நிதானமாக விளக்கினார். கட்டடம் எதுவும் இல்லை, பிள்ளைகளை நாலு கூட்டமாகப் பிரித்திருக்கிறோம், அவர்களுக்குள் போட்டி வைப்போம் என்றார். வந்தவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப ஊடு கெடையாது. ஊட்டுச் சண்டை மட்டும் உண்டுங்க," என்றார்.

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். கொய்யாப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அந்த அப்பா சொன்னதுதான் நடந்தது. பெரிய டீச்சரின் அறைக்கு வெளியே ஒரு கரும்பலகை மாட்டி, ஒவ்வொரு ஹவுஸுக்கும் கிடைத்த புள்ளிகளை வாராவாரம் எழுதினார்கள். பாட்டுக்குப் புள்ளி, பேச்சுக்குப் புள்ளி, நேரத்துக்கு வந்தால் புள்ளி, சட்டையில் கறை இல்லாவிட்டால் புள்ளி. காப்பி எப்போதும் மேலே இருந்தது, பலா எப்போதும் கீழே. எங்களுக்குக் கேப்டன், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மகன். பத்தாம் வகுப்பு, கண்ணாடி போட்டவன், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பான். எழுதுவதைத் தவிர அவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாட்டுப் போட்டியில் எங்கள் ஆட்கள் நாலு பேர் நாலு சுருதியில் ஆரம்பித்து, யார் நிறுத்துவது என்று தெரியாமல் நாலு பேரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். நடுவர் அதோடு பாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்துக் கை தட்டிவிட்டார்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்குப் பலாவின்மேல் எந்தப் பிடிப்பும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவரவர் சிநேகிதர்களோடு உட்கார்ந்தோம். அந்தச் சிநேகிதர்கள் ஜெயிக்கிற ஹவுஸ்களில் இருந்தார்கள். என்னுடைய கோபமெல்லாம் அண்ணன் ஒருவன்மேல்தான். அவன் காப்பியின் கேப்டனாகவும் ஆகிவிட்டான். அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக மெஸ் நடத்தினார். அங்கே காலையில் அவன் டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "எங்க ஹவுஸ்," என்று சொல்லிச் சொல்லி உறிஞ்சுவான். இனிமேல் காப்பியைத் தொடமாட்டேன் என்று நான் சபதம் செய்தேன். அம்மா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "அப்ப நாளையிலிருந்து வெந்நி குடி கண்ணு," என்றாள். மூன்று நாள் வெந்நீர் குடித்தேன்.

ஜனவரியில் விளையாட்டு விழா வந்தது. ஓட்டத்தில் தோற்றோம், தாண்டுவதில் தோற்றோம். கடைசியாக வடம் இழுக்கும் போட்டி. பள்ளிக்கூடத்தில் ஆள் குறைவு என்பதால் ஆண் பெண் என்று பிரிக்காமல் ஹவுஸுக்கு எட்டுப் பேர். எங்கள் ஹவுஸில் கடைசி ஆளாக, வடத்தை இடுப்பில் சுற்றி நிற்க வேண்டிய இடத்தில், வாழவந்திக்காரியை நிறுத்தினார்கள். காட்டில் காவல் பரண் கட்டவும் மரம் இழுக்கவும் அப்பாவோடு போய்ப் பழகியவள். என்னை எட்டுப் பேரில் சேர்க்கவில்லை. தண்ணீர் வாளியோடு பின்னால் நிற்கச் சொன்னார்கள்.

முதல் மோதலே காப்பியோடு. இரண்டு ஹவுஸும் வடத்தைக் கையில் எடுக்கும்போது ஏரிப் பக்கத்திலிருந்து பனி ஏறி வந்தது. எங்கள் ஊர்ப் பனியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்தில் கையை நீட்டினால் விரல் மங்கிவிடும். டிரில் மாஸ்டர் நடுக்கோட்டில் நின்றிருந்தார். வடத்தின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி மட்டும் தெரிந்தால் போதும், ஆரம்பிக்கலாம் என்று சொன்னார். அவருக்கு எங்கள் முதல் இரண்டு பேர் தெரிந்திருந்தால் அதிகம். நானும் வாழவந்திக்காரியும் நின்ற இடத்தில் உலகமே இல்லை. எனக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரம் மட்டும் இருந்தது. வடத்தின் மிச்ச நுனி புல்லில் அதன் காலடிவரை நீண்டு கிடந்தது.

இதை முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று சொன்னால் என் அறிவைப் பெரிதாகச் சொன்னதாக ஆகும். விசில் ஊதியதும் குனிந்தேன், நுனியை எடுத்தேன், மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன், முடிச்சுப் போட்டேன், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டில் காப்பி மூட்டைகளை பஸ்மேல் ஏற்றிக் கட்டுகிறவர்களை நித்தமும் பார்த்துப் பழகிய முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும்.

வாழவந்திக்காரி பின்னால் ஏதோ பிடித்ததை உணர்ந்து திரும்பிப் பார்த்தாள்.

"அவுத்து உடு," என்றாள்.

நான் முடியாது என்று தலையை ஆட்டினேன்.

"நான்தான் நிக்கறனில்ல?"

அதற்கும் தலையை ஆட்டினேன். அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்த்தபோதே எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் அண்ணனின் சத்தம் பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, இழுங்கடா, கொட்டைகள்தான்டா என்று. உறுத்தல் போய்விட்டது.

காப்பிக்காரர்கள் இழுத்தார்கள். வடம் ஒரு சாண் போய் நின்றது. மறுபடி இழுத்தார்கள். நகரவில்லை. எங்கள் ஆட்களுக்கே ஆச்சரியம். வாழவந்திக்காரிக்கு முன்னால் நின்றவன் திரும்பி மரத்தைப் பார்த்துவிட்டான். சேதி காதோடு காதாக முன்னால் போனது. ஒவ்வொருவராகப் பிடியைத் தளர்த்தினார்கள். ஒருத்தன் ஒரு கையை எடுத்து மூக்கைச் சொறிந்தான். ஆனால் சத்தம் மட்டும் குறையவில்லை. பிரசவ ஆஸ்பத்திரிக்கு வெளியே நிற்பதுபோல் அப்படி ஒரு முக்கல், முனகல். பலா இன்னைக்கு நிக்குதே என்று டிரில் மாஸ்டர் சொன்னது கேட்டது.

காப்பியின் இழுப்பு தளர்ந்ததும் எங்கள் கேப்டன் மெதுவாக, இப்போ, என்றான். எட்டுப் பேரும் இழுத்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காப்பி புல்லில் சறுக்கிக்கொண்டு வந்தது. சிவப்புத் துணி கோட்டைத் தாண்டியது. விசில். ஹவுஸ் ஆரம்பித்த நாளிலிருந்து நாங்கள் ஜெயித்த முதல் விஷயம் அதுதான். ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். வாழவந்திக்காரி மட்டும் குதிக்கவில்லை.

அப்போது டிரில் மாஸ்டரின் குரல் வந்தது. பக்கம் மாறுங்கள், அடுத்த இழுப்பு என்று.

மூன்றில் இரண்டு ஜெயிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் பக்கம் மாற வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. ஓடிப்போய் முடிச்சைப் பிடித்தேன். எட்டுப் பேர் இழுத்த இழுப்பில் அது கல்லாகிவிட்டிருந்தது. நகத்தால் கீறினேன். பல்லால் கடித்தேன். வாயில் தேங்காய் நார் ருசியோடு நிமிர்ந்தபோது பனிக்குள்ளிருந்து முதலில் அண்ணனின் செருப்பில்லாத கால் வந்தது, பிறகு அண்ணன் வந்தான். மரத்தைப் பார்த்தான். வடத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன்.

"அம்மாகிட்ட சொல்லமாட்டேன்," என்றான் மெதுவாக. "பெரிய டீச்சர்கிட்ட சொல்லுவேன்."

பலா ஹவுஸ் முழுவதையும் பெரிய டீச்சர் அறைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள். விஷயம் அங்கேயே பெரிதாகிவிட்டது. அந்த மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது, வடம் உரசி அது அறுந்து போயிருந்தது. மிளகு ஹவுஸின் கேப்டன் வாடிய இலைகளைக் கையில் கொண்டுவந்து, இது எங்கள் ஹவுஸுக்குச் செய்த அவமானம் என்று முறையிட்டான். அதற்கும் எங்களுக்குப் புள்ளி குறைத்தார்கள். ஏற்கெனவே எங்களிடம் இருந்ததே சொற்பம். குறைத்ததில் அது பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது. பலகையில் இதை எப்படி எழுதுவது என்று பெரிய டீச்சர் யோசித்தார். கணக்கு வாத்தியார் ஓடிவந்து, எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கோட்டைச் சந்தோஷமாகப் போட்டார். மைனஸ் என்பதை ஒரு மாதமாக எங்கள் வகுப்பில் விளக்கிப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தவர் அவர். அன்றைக்கு எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் வரிசையாக அழைத்துவந்து பலகையைக் காட்டினார். ஒரே நாளில் பள்ளிக்கூடம் முழுவதும் மைனஸ் விளங்கிக்கொண்டது.

முடிச்சுப் போட்டது யார் என்று பெரிய டீச்சர் கேட்டார். நான் முன்னால் வந்திருக்க வேண்டும். மனம் வந்தது, கால் வரவில்லை. கேப்டன் நோட்டைப் புரட்டினான், அதில் பதில் எழுதியிருப்பதுபோல். அப்போது வாழவந்திக்காரி பேசினாள். எங்கள் எல்லோரிலும் என்னைக் காட்டிக்கொடுக்க நியாயம் இருந்தது அவளுக்குத்தான்.

"முடிச்சு பலா ஹவுஸுதுங்க டீச்சர்."

"நான் பேரைக் கேட்டேன்."

"அதானுங்க டீச்சர் பேரு."

அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வந்தது. நான்தான் டீச்சர் என்று சொல்லிக்கொண்டு முன்னால் போனேன், அழுகையும் கூடவே வந்தது. ஆனால் பெரிய டீச்சர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் கட்டியது என்றால் ஹவுஸே இழுக்கட்டும் என்றார்.

மைதானத்தின் மூலையில் ஒரு கல் உருளை கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ டென்னிஸ் ஆட இடம் சமன் செய்யக் கொண்டுவந்தது என்பார்கள். அதை யாரும் நகர்த்தி நாங்கள் பார்த்ததில்லை. அதன் மறைவில் ஒரு நாய் வருடா வருடம் குட்டி போட்டுவந்தது. முழுப் பரீட்சை வரையில் தினமும் காலை மணி அடிப்பதற்கு முன் பலா ஹவுஸ் அதை இழுத்து மைதானத்தைச் சமன் செய்ய வேண்டும் என்பதுதான் தண்டனை.

முதல் நாள் கயிறு கட்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். உருளை நகரவில்லை, நாய் மட்டும் குரைத்தது. இரண்டாம் நாள் நகர்ந்தது. மூன்றாம் நாள் நகர்ந்தது நிற்கவில்லை. எங்கள் மைதானம் சரிவு என்று சொன்னேன் அல்லவா. உருளை எங்களைத் தாண்டி ஓடி, காப்பி ஹவுஸ் பராமரித்த டேலியா பாத்தியில் ஏறிப் படுத்துக்கொண்டது. வேண்டுமென்றே விட்டோம் என்று என் அண்ணன் குற்றம் சாட்டினான். இல்லை என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். உண்மைதான் சொன்னோம். ஆனால் அன்றைக்கு மதியம் பலாக்காரர்கள் முதல் தடவையாக ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த டேலியாக்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

வாழவந்திக்காரி அதுவரை என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளாகவே முன்னால் வந்து ஆட்களைப் பிரித்தாள். முன்னால் இழுக்க இத்தனை பேர், சரிவில் ஓடாமல் பின்னால் கயிறு பிடித்து நிற்க இத்தனை பேர். மரம் இழுக்கும்போது அவர்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்களாம். எல்லோரும் அவளுடைய இடது காலைக் காதால் கவனிக்க வேண்டும். அது தரையில் ஊன்றும்போது இழுக்க வேண்டும், தூக்கும்போது மூச்சுவிட வேண்டும். நான் ஓரமாகப் போய் நின்றேன்.

"நீயி எம் முன்னாடி வந்து நில்லு," என்றாள். "அப்பத்தான் உங் கையி என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் போய் நின்றேன். கொஞ்ச தூரம் இழுத்தபிறகு, அன்றைக்கு உன்னை நம்பியிருக்கணும் என்றேன், திரும்பாமலே. மூச்சை வீணாக்காதே என்று பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காப்பிக்காரர்கள் மதில்மேல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மாடு, மாடு என்று கூப்பிட்டார்கள். எங்களில் ஒருத்தன் மாடுபோலவே திரும்பி ம்மா என்றான். பிறகு எல்லோரும் சேர்ந்து ம்மா என்றோம். அது எங்கள் ஹவுஸின் குரலாகவே ஆகிவிட்டது. பாட்டில் சேராத சுருதி அதில் சேர்ந்தது.

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அண்ணனும் எங்கள் கேப்டனும் பதினொன்றுக்கு வந்திருந்தார்கள், அப்போதெல்லாம் அதுதான் கடைசி வகுப்பு. தண்டனை முடிந்துபோயிருந்தது. முதல் நாள் நான் சும்மா பார்க்கலாமே என்று சீக்கிரமாக மைதானத்துக்குப் போனேன். கேப்டன் ஏற்கெனவே அங்கே இருந்தான், நோட்டோடு. வாழவந்திக்காரி கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் சும்மாதான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். வந்ததற்கு இழுத்துவிட்டுப் போவோம் என்று இழுத்தோம். அப்படியே வருடம் முழுவதும் சும்மா வந்தோம்.

அடுத்த ஜனவரியில் மறுபடி வடம். மறுபடி எதிரில் காப்பி. இந்தத் தடவை வடத்தை மைதானத்தின் நட்டநடுவில் போட்டிருந்தார்கள், எந்த மரமும் எட்டாத இடத்தில். வெயில் பளிச்சென்று அடித்தது. வாழவந்திக்காரி கடைசி, நான் அவளுக்கு முன்னால். எங்களுக்குப் பின்னால் பெரிய டீச்சரே ஒரு நாற்காலி போட்டு, நாங்கள் திரும்பினால் அவர் கண்ணில் படும்படி உட்கார்ந்துகொண்டார். விசில் ஊதியதும் காப்பி மொத்த பலத்தையும் போட்டு இழுத்தது. நாங்கள் இழுக்கவில்லை, நின்றோம். பின்னாலிருந்து அவள் இடது கால் ஊன்றும் சத்தம் கேட்டது. ஊன்றும்போது ஒரு அடி, ஊன்றும்போது ஒரு அடி. பத்துப் பன்னிரண்டு அடியில் என் அண்ணன் கோட்டைத் தாண்டி எங்கள் கேப்டன்மேல் வந்து விழுந்தான். பக்கம் மாறினோம். இரண்டாவது தடவை இன்னும் சீக்கிரம் விழுந்தான்.

எழுந்தவன் முதலில் எங்கள் பின்னால் பார்த்தான். டிரில் மாஸ்டர் சிரித்துக்கொண்டே, நானும் பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை என்றார். மைதானம் முழுவதும் ம்மா என்ற சத்தம். பெரிய டீச்சர் காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை. மிளகையும் ஆரஞ்சையும் கூட நாங்கள் அன்றைக்கே இழுத்துப் போட்டோம். பரிசாக வந்த மலைவாழைத் தாரை வாழவந்திக்காரி பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். என் அண்ணனுக்கும் இரண்டு பழம் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான். வீட்டில், கை ஏன் இப்படிச் சிவந்திருக்குது சாமி என்று அம்மா அவனைக் கேட்டபோது, உம்மவள்தான் என்றான். அவன் என்னைப் பற்றி அவ்வளவு மரியாதையாகப் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

வருடக் கடைசியில் மொத்தப் புள்ளிக்குக் கொடுக்கும் ஷீல்டு எங்களுக்கு வந்ததா என்றால், இல்லை. அந்த வருடமும் பலாதான் கடைசி. உருளை இழுத்துவிட்டு வந்ததில் பாதி நாள் பிரேயருக்குத் தாமதம், அதற்குப் புள்ளி குறைந்தது. சட்டையெல்லாம் செம்மண், அதற்கும் குறைந்தது. பாட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைசி இடம் பலா என்று படித்தபோது நாங்கள் போட்ட கூச்சலில், மேடையில் ஷீல்டு வாங்கிக்கொண்டிருந்த காப்பிக்காரர்கள் என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

என் அண்ணனும் எங்கள் கேப்டனும் அத்தோடு பள்ளிக்கூடத்தை முடித்தார்கள். போகுமுன் கேப்டன் புதுக் கேப்டனுக்கு ஓட்டெடுப்பு வைத்தான். எல்லாச் சீட்டிலும் வாழவந்திக்காரியின் பெயர் இருந்தது, ஒரு சீட்டைத் தவிர. அதில் என் பெயர் இருந்தது. எழுத்தைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. ஏன் எனக்குப் போட்டாய் என்று பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளைக் கேட்டேன்.

"எனக்கு இழுக்கத்தான் தெரியும்," என்றாள். "திருட்டுத்தனம் யோசிக்க உன்னையாட்ட ஒரு ஆளும் வேணுமில்ல."

அவள் கேப்டன் ஆனாள், நான் துணைக் கேப்டன். திருட்டுத்தனம் யோசிக்கும் வேலை எனக்கு நிறைய வரவில்லை. வந்த இரண்டொரு தடவையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.